சலவைக்கூடத்து ஆட்டம்

ஊமைக்கா ஊமை இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அதனால் வந்த பெயர். பிறகு நாலு வார்த்தை பேசத் தொடங்கியபோதும் பெயர் போகவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. "இந்தா", "ஏய்" என்பதோடு சரி.

வீடு என்றால் அண்ணன் வீடு. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு ஒரு பையோடு வந்து நின்றவளுக்கு, சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை அண்ணன் ஒழித்துக் கொடுத்தான். பாதிதான் ஒழித்தான். ஓடாத சைக்கிளும் அண்ணியின் பழைய பீரோவும் அங்கேயே நின்றன. இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்தால் காலை நீட்ட முடியாது. விடிந்ததும் அண்ணன் வீட்டுப் பாத்திரம், பிறகு ஆஸ்பத்திரித் துணி, திரும்பி வந்தால் மறுபடி பாத்திரம்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கூரைக்குப் பக்கத்தில், வெளித்தரையோடு ஒட்டியிருக்கும். அதன் வழியே போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். உள்ளே எப்போதும் நீராவியும் பிளீச்சிங் பவுடர் வாசனையும். அங்கே ஏழெட்டுப் பெண்கள். ரத்தக்கறை படிந்த விரிப்புகளைத் தனியாகப் பிரிப்பது ஒருத்தி, துவைக்கும் இயந்திரத்தில் போடுவது ஒருத்தி. பெரிய இஸ்திரி உருளையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் இஸ்திரிக்கா என்றார்கள். வாய் நீளம். அவள் திட்டாத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஊமைக்காவுக்கு மடிப்பு வேலை. நாள் முழுக்க நின்றபடியே வேலை என்பதால் எல்லோருக்கும் இடுப்பு வலி உண்டு.

நீளமான விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். எதிர்முனைக்குப் புதிதாக வந்தவள்தான் டான்சர். மேடைக் குழுவொன்றில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவள். கணுக்கால் முறிந்ததும் குழு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. வேலைக்கு வந்த அன்றே இஸ்திரிக்கா பெயர் வைத்துவிட்டாள்.

"வாடி டான்சர்! இங்க கைதட்ட ஆளில்ல, கொசுதான் இருக்கு."

டான்சர் சிரித்தாள். விரிப்பை உதறும்போது வாய்க்குள் தாளம் போடுவது அவள் பழக்கம். ஒருநாள், மூலைகளைச் சேர்க்க முன்னால் வரவேண்டிய இடத்தில் அரைச்சுற்றுச் சுற்றி வந்தாள். ஊமைக்காவும் தன்னையறியாமல் சுற்றினாள். இருவருக்கும் நடுவில் விரிப்பு முறுக்கிக்கொண்டது.

"அக்கா! உனக்கு வருதே!"

"என்ன வருது?"

"ஆட்டம்."

ஊமைக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் வருகிறது என்று அதுவரை சொன்னதில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் அங்கே கிடந்த பழைய ரேடியோவைப் போட்டு ஆடினார்கள். முதலில் இரண்டு பேர். பிறகு துணி பிரிப்பவளும் வந்தாள். "வயசான காலத்துல இதெல்லாம் என்ன கூத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரிக்காவும் வந்து நின்றாள். நின்றதோடு முதல் வரிசையையும் பிடித்துக்கொண்டாள். இடது வலது புரியாமல் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். அப்போது ஊமைக்கா மெதுவாக, "என் காலைப் பாருங்க" என்பாள். பார்த்தார்கள். அவளைப் பார்த்துத்தான் ஆடினார்கள்.

ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்தபோது, வேலை முடிந்த கையோடு மொத்தப் பேரும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணி திகைத்துப்போனாள்.

"யாரைத் தேடி வந்திருக்கீங்க? இவளையா?"

"ஆமா, இவளைத்தான். இவ இல்லாம எங்களுக்குக் கால் நகரல" என்றாள் இஸ்திரிக்கா. ஊமைக்கா பீரோப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரி ஆண்டுவிழா வந்தது. நர்சுகள் பாட்டு, டாக்டர்கள் நாடகம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு ஊமைக்கா நேரே சூப்பர்வைசரிடம் போனாள். அவளாகப் போய் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், நாங்களும் ஆடுறோம்."

"நீங்களா? எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"கீழதான் சார். தினம் மத்தியானம்."

சூப்பர்வைசர் அவர்கள் பெயரையும் சேர்த்துவிட்டார். விழாவில், வெள்ளை விரிப்புகளை ஏந்திக்கொண்டு அவர்கள் மேடையேறினார்கள். விரிப்பு எழும்பியது, சுழன்றது, பெண்கள் அதனடியில் புகுந்து வெளியே வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இறங்கும்போது இஸ்திரிக்கா ஊமைக்காவின் கையைப் பிடித்தவள் வாசல்வரை விடவில்லை.

முன்வரிசையில் நிர்வாகியும் உட்கார்ந்து கைதட்டினார். மறுவாரம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அனுப்பினார். தினமும் ஆடிப் பழக நேரம் இருக்கிறதென்றால் கீழே ஆள் அதிகம் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். இடைவேளையில்தான் ஆடினார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னது எடுபடவில்லை. இனித் துணியெல்லாம் சலவைக்கு வெளியிலிருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகும் என்றும், அடுக்கிவைக்க ஒருத்தி போதும் என்றும் முடிவானது. அந்த ஒருத்தி ஊமைக்கா. எதிர்த்துப் பேசமாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

அவள் சூப்பர்வைசரிடம் ஓடினாள். "நான் போயிடுறேன் சார். இஸ்திரிக்காவை வச்சுக்கோங்க."

"மாத்திக்கிறதுக்கு இது என்ன காய்கறிக் கடையா? இருக்கிறதையும் கெடுத்துக்காதம்மா."

கடைசி நாளன்று இஸ்திரிக்கா யாரையும் திட்டவில்லை. மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். ஊமைக்காவைக் கடந்து போகும்போது நின்றாள்.

"ஜென்மத்துக்கும் வாயைத் திறக்காதவ. ஒருநாள் திறந்த, எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுட்ட."

மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே போனார்கள். அந்த வாரத்தில் ஊமைக்கா இஸ்திரிக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். மருமகள் பாதிக் கதவைத் திறந்து, "அத்தை இல்ல" என்றாள். இஸ்திரிக்காவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

டான்சர் மட்டும் பேசினாள். வேறு ஊரிலிருந்த அக்கா வீட்டுக்குப் புறப்பட்டவளை வழியனுப்ப ஊமைக்கா பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தாள்.

"தப்பு உன்மேல இல்லக்கா."

"அப்புறம் யார் மேல?"

"தெரியலக்கா." டான்சர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "ஆட்டத்தை மட்டும் விட்டுடாத."

"யார்கூட ஆடுறது?"

வண்டி வந்துவிட்டது.

இப்போது விரிப்புகள் வெளியிலேயே மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் வருகின்றன. ஊமைக்கா அவற்றை அலமாரியில் அடுக்குகிறாள். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், தரையில் துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் மிச்சம். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, தன் பழைய இடத்தில் நின்று ஆடிப்பார்த்தாள். முன்னால் இஸ்திரிக்காவுக்கும் பக்கத்தில் டான்சருக்கும் இடம் விட்டே நின்றாள். கைகோத்துச் சுற்றும் இடம் வந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அதைக் கீழே இறக்கிவிட்டு, அடுத்த விரிப்புக் கட்டைப் பிரித்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் இஸ்திரிக்காவைப் பார்த்தாள். இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ இருந்தது. ஆள் வற்றிப்போயிருந்தாள்.

"இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று இஸ்திரிக்காதான் கேட்டாள்.

"ஆடுறப்ப இல்ல. இப்ப இருக்கு."

"எனக்கும்தான்."

குழந்தை சிணுங்கியது. வண்டி வந்ததும் இஸ்திரிக்கா ஏறிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. அது ஊமைக்கா போகவேண்டிய வண்டியும்தான். ஆனாலும் அவள் ஏறவில்லை. அடுத்த வண்டிக்காக மழையில் நின்றாள்.