சாயத்தொட்டியில் விட்ட மீன்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசியில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். பட்டாசு சுற்றும் காகிதத்துக்குச் சாயம் ஏற்றும் கம்பெனி ஒன்று, கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. பின்தெருக் கிணறுகளில் அது ஊறியது. அங்கே தனியாக வாழ்ந்த ஒரு பெண்மணியின் வீட்டில் சோறு வடித்தால் ரோஜா நிறத்தில் இருக்கும்.

முதலாளியிடம் பலமுறை சொன்னேன். "தொட்டியில தேக்கினா சகதிதான் அடியில தங்கும். கரைஞ்ச சாயம் தங்காது. சுண்ணாம்பும் படிகாரமும் கலந்தாத்தான் அது திரண்டு இறங்கும்."

அவர் காதில் தொட்டி என்ற சொல் மட்டும் விழுந்தது. மூன்று அறை வைத்துக் கட்டினார். சுண்ணாம்பு அதன் சுவரில் மட்டுமே இருந்தது.

திறப்புவிழாவுக்கு என் மேலதிகாரி வந்தார். மேளம், சந்தனம், ரோஜா மாலை. கம்பெனிக்கு அன்று விடுமுறை விட்டுவிட்டு, தொட்டியில் நல்ல கிணற்றுத் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். கடைசி அறையில் பக்கத்து ஊரான ஆனைக்குட்டத்திலிருந்து கொண்டுவந்த மீன்கள் துள்ளின.

"மீனே வாழுதே!" என்றார் அதிகாரி. கற்றவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்மணி முன்னால் வந்தார். கையில் சாயம் ஏறிய வெள்ளைச் சேலை.

"அய்யா, இவுக மெஷினை ஓட்டச் சொல்லுங்க. அப்புறம் மீனைப் பாருங்க."

"இன்னைக்கு லீவும்மா," என்றார் முதலாளி.

"லோடு ஏத்த மட்டும் ஆள் இருக்கே?" என்றார் அந்தப் பெண்மணி. வாசலில் வண்டி நின்றது.

ஊரே பார்த்தது. வேறு வழியின்றி அதிகாரி தலையசைத்தார். மெஷின் ஓடியது. சிவப்புத் தண்ணீர் முதல் அறை, இரண்டாம் அறை தாண்டிக் கடைசி அறைக்கும் அதே சிவப்பாக வந்தது. பந்தி தொடங்குவதற்குள் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.

முதலாளிக்குக் கூச்சமே இல்லை. "ஆனைக்குட்டத்து மீனுக்கு நம்மூர்த் தண்ணி ஒத்துக்கலை," என்றார். அதிகாரி சிரித்துவிட்டு, இலையில் போய் உட்கார்ந்தார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு முதலாளி, தொட்டி நீரைக் குழாய் வைத்து ஊருக்கு வெளியே தள்ளினார். அங்கே மிளகாய் பயிரிட்டிருந்த சம்சாரிகள் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை; குழாய் வாயில் களிமண்ணை அறைந்து அடைத்தார்கள். சாயத்தண்ணீர் திரும்பி வந்து அவர் காகிதம் அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியில் முழங்கால் அளவு நின்றது.

மறுநாளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "சார், சுண்ணாம்பு எம்புட்டுப் போடணும்னு சொன்னீக?"

சொன்னேன். போட்டார், வெளியேறும் தண்ணீரில் நிறம் பெருமளவு குறைந்தது. பின்தெருக் கிணறுகள் தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை அந்தப் பெண்மணி அடுத்த தெருவிலிருந்துதான் தண்ணீர் சுமந்தார்.

அடியில் திரண்ட சாயச் சேற்றை என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். வண்டியில் ஏற்றிக் கண்மாய்க் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இது சேறுதானே சார், தண்ணி இல்லையே," என்றார்.