ஆள் சேரும் வரை கண்டக்டர் செய்த வேலை

மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் பஸ் ஓட்டுகிறேன். திருமங்கலத்தில் ஆள் சேரும் வரை நிற்கவேண்டும். அந்த நேரத்தில் நான் புளியமர நிழலில் தூங்கிவிடுவேன். கண்டக்டர் மாயாண்டியோ வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வான். யுத்தத்தால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. வண்டியின் டாங்கியிலிருந்து அதைத் திருடுகிறான் என்றே நினைத்தேன்.

போன மாதம் ஒருநாள் தூங்குவதுபோல் படுத்திருந்துவிட்டு, சத்தமில்லாமல் போய்க் குனிந்து பார்த்தேன். அவன் கையில் ஸ்பானர்தான் இருந்தது.

"அங்க என்னடா நோண்டுற?"

"நானும் டிரைவராகணும்ணே. சும்மா நிக்கிற நேரத்துல வண்டியப் பழகுறேன். இந்த நட்டப் பாருங்க, கழலப் போகுது."

என் வேலைக்கே குறி வைக்கிறான் என்று இப்போது வேறு சந்தேகம் வந்தது. நம்பாமல்தான் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். ஸ்டீயரிங் கம்பியின் நட்டு, விரலால் தொட்டதும் சுழன்றது. அப்படியே கிளம்பியிருந்தால் கண்மாய்க்கரை வளைவில் வண்டி திரும்பியிருக்காது. மேலே பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் தூங்குவதில்லை. இருவருமாக ஸ்பானரோடு அடியில் நுழைகிறோம். அவன் முடுக்கியதை நான் மறுபடி முடுக்கிப் பார்க்கிறேன். நான் முடுக்கியதை அவனும் நம்புவதில்லை.