கல் கிட்டங்கி வாசலில் தேசிக்காய்

இத்தாலியில், பலேர்மோ நகரின் சீசா என்ற பகுதியில், எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கல் கிட்டங்கி இருக்கிறது. இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே, வீடு மாறியவர்கள் எடுத்துப்போக மறந்த சாமான் போல. சுவர் என் கை நீளத்துக்குத் தடிப்பு. சன்னல்கள் எட்டாத உயரத்தில். அங்கே வேலை செய்துவந்த மோட்டார் சைக்கிள் திருத்துபவர் அதைக் காலிசெய்ததும் அம்மாவுக்கு அதில் கண் விழுந்தது.

அம்மா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மற்றவர்களின் வீடுகளைத் துடைத்து வருபவர். சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை வேண்டும், அதன் கதவைத் தானே திறந்து தானே பூட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மதுக்கடை வைக்க இன்னொருவரும் அந்த இடத்தைக் கேட்டிருந்தார். இடத்துக்குச் சொந்தக்காரியான சின்யோரா எண்பதைத் தாண்டியவர், சிவப்புச் சப்பாத்துப் போட்டுத் தானே கார் ஓட்டுபவர். அவர் இத்தாலியனில் சொல்வது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

“அந்தாள் இதைக் கராஜ் எண்டு சொல்லுறான். இது என்ன இடமெண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் குடுப்பன். சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ.”

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே அம்மா என்னைப் பிடித்தார்.

“தம்பி, நீ சரித்திரம்தானே படிக்கிறாய்?”

“ஓம்.”

“அப்ப படி.”

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தை எட்டிப்பார்த்த முதல் ஆள் நான். அதுவரை என் படிப்பு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் படிவங்களை நிரப்பத்தான் உதவியது. இப்போது ஒருவருக்கு உண்மையாகவே சரித்திரம் தேவைப்பட்டது. நூலகத்துக்கு ஓடினேன். நடந்து போகலாம் என்று தோன்றவே இல்லை.

படித்தது தலைக்கேறியது. பலேர்மோவைச் சுற்றிய சமவெளிக்குத் தங்கக் கிண்ணம் என்று பெயர். கண்ணுக்கெட்டும் வரை எலுமிச்சையும் தோடை என்கிற ஆரஞ்சும். தங்கம் தோண்டாமலே மரத்தில் காய்த்த ஊர். எலுமிச்சையை ஒவ்வொன்றாக மெல்லிய தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, வண்டியில் துறைமுகத்துக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து கப்பலில் அமெரிக்காவுக்கு. கப்பலேறும் வரை காய் வாடாமல் இருக்கத்தான் எங்கள் தெருமுனைக் கிட்டங்கிக்கு இந்தத் தடித்த சுவர். வெக்கை மேலால் வெளியேறத்தான் அந்த உயர்ந்த சன்னல். பிறகு தோட்டங்களை வெட்டி அடுக்குமாடி கட்டினார்கள். நாங்கள் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்கு மேலே, நான்காம் மாடியில் குடியிருக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அதுதான் கொம்மாவின்ர முகம் விடியவெள்ளன புளிச்சுக் கிடக்குது,” என்றார் அப்பா. அவர் மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டுபவர். கையில் கத்தி இல்லாதபோதும் வெட்டுவார்.

சனிக்கிழமை வந்தது. கைபேசிப் பஞ்சாங்கம் நல்ல நேரம் ஒன்பதரைக்கு என்றது.

“அது யாழ்ப்பாணத்து நேரம். கழிச்செல்லோ பாக்க வேணும்,” என்றார் அம்மா.

“சூரியனும் இஞ்சை வந்தா இஞ்சத்தை நேரத்துக்குத்தான் வேலை செய்யும்,” என்றார் அப்பா.

ஒன்பதரைக்கே கிட்டங்கி வாசலில் நின்றோம். அம்மா பையிலிருந்து ஒரு எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, எடுத்தார். புது இடத்துக்குப் போகும்போது அதை வெட்டி, குங்குமம் தடவி, வாசலின் இரண்டு பக்கமும் வைப்பது எங்கள் வழக்கம். கண்ணூறு படாது.

“அம்மா, இடம் இன்னும் எங்கடை இல்லை. கதவுத் திறப்பே கையிலை இல்லை.”

“வாசல் வெளியிலைதானே கிடக்கு.”

வெட்டித் தடவி வைத்து நிமிர்ந்தால், சின்யோராவின் கார். அரை மணி முந்தி வந்துவிட்டார். நான் பாடமாக்கிய உரையைத் தொடங்கினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், குனிந்து, ஒரு பாதியை எடுத்தார். சிவப்புச் சாறு விரல்களில் வழிந்தது.

“என்ன இது?”

“கண் படாமல் இருக்க,” என்றேன்.

பழகிய விஷயம் போலத் தலையாட்டினார். பிறகு முகர்ந்து பார்த்தார். முகம் கறுத்தது.

“எங்கை வாங்கினது?”

“சுப்பர்மார்க்கெட்டிலை.”

“மெழுகு பூசின வெளிநாட்டுக் காய். என்ர அப்பாவின்ர கிட்டங்கி வாசலிலை.” பாதியை என் கையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அம்மா படியில் உட்கார்ந்தார். சின்யோராவின் வேகமான இத்தாலியன் அவருக்குப் பிடிபட்டிருக்கவில்லை. “என்னடா சொன்னவா?”

“தேசிக்காய் சரியில்லையாம்.”

“கடை?”

“அதைப் பற்றிக் கதைக்கேல்லை.”

“மற்றவன் முழுப் போத்தலோட வருவான்,” என்றார் அப்பா. “நாங்கள் அரைத் தேசிக்காயோட நிக்கிறம்.” எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கார் திரும்பி வந்தது. சின்யோரா ஒரு கூடையோடு இறங்கினார். இலையும் காம்புமாக, என் கைமுட்டி அளவில், சொரசொரத்த எலுமிச்சைகள். தோட்டத்தில் வெட்டுப்படாமல் மிஞ்சிய ஒரேயொரு மரம் அவர் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறதாம்.

“திரும்பச் செய்யுங்கோ,” என்றார். “அந்தாள் அளக்கிற நாடாவோட வந்தவன். நீங்கள் தேசிக்காயோட வந்தனீங்கள். கேடுகெட்ட தேசிக்காய், எண்டாலும் தேசிக்காய்.” சொல்லிக்கொண்டே திறப்பை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “கதவைத் திறந்துபோட்டுச் செய்யுங்கோ. பூட்டின வாசலுக்கு ஆர் கண் வைக்கப்போகினம்?”

அம்மா கைபேசியில் நேரம் பார்க்கவே இல்லை. சின்யோரா தன் விரலாலேயே குங்குமம் தொட்டு ஒரு பாதிக்குத் தடவினார். உள்ளே எஞ்சின் எண்ணெய் மணம், அதன்மேல் எலுமிச்சை. “இந்தப் பொடியன் ஏதோ சொல்ல வந்தவன், சொல்லட்டும்,” என்றார் சின்யோரா. அந்தக் குளிர்ந்த இருட்டில் நான் தங்கக் கிண்ணத்திலிருந்து அமெரிக்கா வரை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார், அரிசி மூட்டையை எந்தச் சுவரோரம் அடுக்கலாம் என்று.

போகும்போது அம்மா கதவைப் பூட்டினார். பிறகு திறந்தார். மறுபடி பூட்டினார்.

“என்னப்பா, பழகிறீரோ?” என்றார் அப்பா.

“ஓம்,” என்று அம்மா இன்னொரு தரம் திறந்தார்.