மரவள்ளிக்கிழங்கோடு போன வண்டி

பிள்ளைங்களா, கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை, காதோரம் நரை. யார் எதைச் சொன்னாலும் "யாரு சொன்னது?" என்று சிரிச்சுக்கினே கேட்பார். "சில்லறை இல்லாதவங்க ஏறாதீங்க" என்ற கண்டக்டரையும் அப்படித்தான் கேட்டார்.

தவணை பாக்கின்னு ஃபைனான்ஸ்காரங்க நோட்டீஸ்கூட கொடுக்காமல் அவர் மினி லாரியை எடுத்துட்டுப் போனாங்களாம், மேலே ஏத்தியிருந்த மரவள்ளிக்கிழங்கோடு. கிழங்கு அழுகிப்போச்சு. கோர்ட்டுக்குப் போய் வண்டியை மீட்டு, கிழங்குக்கும் சேர்த்து நஷ்டஈடு வாங்கிட்டார்.

"கடன் வண்டி மேலதானே அண்ணே? கிழங்கு இன்னா பண்ணுச்சு?" என்றார்.

எனக்கு வயிறு எரிஞ்சது. நம்ம டிராக்டரையும் அப்படித்தானே எடுத்தாங்க?

"எங்களுக்கும் நோட்டீஸ் வரலைங்க," என்றேன். "வந்தவங்களுக்கு வூட்ல மோர் குடுத்தோம். டிராக்டர் ஸ்டார்ட் ஆவல. நானே பின்னாடி நின்னு தள்ளிவிட்டேன்."

அவர் சிரிப்பார்னு பார்த்தேன். சிரிக்கல.

"எப்போ அண்ணே?"

"நாலு வருசம் ஆவுது."

"அடடா, கேஸ் போடற காலம் தாண்டிப்போச்சே," என்று என் கையைப் பிடிச்சார். அதை உதறணும்போல இருந்தது.

இப்போ நான் அடுத்தவர் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டுறேன். அந்த மனுஷன் என்கிட்ட எதையும் எடுத்துக்கல. இருந்தாலும் அவரை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் வருது. நம்ம வண்டியை எடுத்துட்டுப் போனவங்க முகம் மறந்தே போச்சு.