நீல நிறப் பட்டாளத்து லோரி

அண்ணன் அந்தப் பட்டாளத்து லோரியை வாங்கி வந்தபோது அதன் பின்பலகையில் புல் முளைத்திருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு. வயர்களையெல்லாம் எலி கடித்து வைத்திருந்தது. இன்னொரு லோரி அதைச் சங்கிலி போட்டு இழுத்துவந்து, புக்கிட் ரோத்தானில் எங்கள் வீடுகளுக்குப் பக்கத்திலிருந்த காலி நிலத்தில் விட்டுவிட்டுப் போனது.

அண்ணி வாசலில் நின்று பார்த்தார்.

"பழைய இரும்புக் கடைக்கே வேணாம்னு போட்டதா இது?"

"சும்மா இரு லா. இதுலதான் நாம கிளந்தானுக்குப் போகப் போறோம்," என்றார் அண்ணன்.

அண்ணன் பட்டாளத்தில் இருபத்தோரு வருடம் லோரி ஓட்டியவர். இதே மாதிரி ஒரு லோரியில்தான், கிரிக்கிலிருந்து கிளந்தான் பக்கம் போகும் மலைச் சாலையில், முகாமுக்கு முகாம் அரிசியும் ஆட்களும் ஏற்றிப் போனார். அங்கே காலையில் சாலையோர ஏரியின் மேல் பனி ஏறும் என்றும், லோரியை நிறுத்தினால் காட்டுக்குள்ளிருந்து கிப்பன் குரங்கின் கூச்சல் கேட்கும் என்றும் கல்யாணமான புதிதில் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு பிள்ளைகள், ரவாங்கில் தொழிற்சாலை வேலை என்று நாற்பது வருடம் ஓடிவிட்டது.

நான் அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போய்ச்சேர்ந்த பிறகு, பெரிய வண்டி லைசன்ஸ் எடுத்து அந்த பஸ்ஸை நானே ஓட்டினேன். பதினெட்டு வருடம், தோட்டங்களிலிருந்தும் புக்கிட் பெலிம்பிங் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கினேன். பஸ்ஸை விற்று இரண்டு வருடமாகியிருந்தது. காலையில் ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வரும். எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. அதனால் அண்ணன் லோரிக்கு அடியில் படுத்து வேலையைத் தொடங்கிய அன்றே நானும் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஐந்து மாதம் ஆனது. என்ஜின் எண்ணெயை இறக்கினால் தார் மாதிரி கறுப்பாக, கட்டியாக வந்தது. பிரேக் குழாய்கள் கையில் எடுத்ததும் நொறுங்கின. டீசல் தொட்டிக்குள் ஒரே துரு. அதைக் கழற்றி, உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியும் கொஞ்சம் டீசலும் போட்டு மூடி, காலி நிலத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக உருட்டினோம். அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் குரைத்தன. துரு அத்தனையும் வெளியே வர மூன்று நாள் பிடித்தது.

பட்டாளத்துப் பச்சையை மாற்றினால்தான் வண்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியும் என்றார்கள். அண்ணனுக்குச் சாம்பல் நிறம் அடிக்க ஆசை. அண்ணி கடைக்குப் போய் வானநீலம் வாங்கி வந்துவிட்டார்.

"பாலர் பள்ளி செவுரு மாதிரி இருக்கும்டி!"

"நானும் ஏறி ஒக்காரணும்னா இந்தக் கலருதான்."

அண்ணன் தூரிகையை எடுத்தார். மூவருமாக இரண்டு நாளில் அடித்து முடித்தோம். பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்க்காரர் ஒருவர் கித்தான் கூரை தைத்துக் கொடுத்தார். பின்பக்கம் இரண்டு பலகைக் கட்டில், அடுப்புக்கு ஒரு தட்டு, சன்னலுக்குத் திரை என்று அண்ணி கேட்டவையெல்லாம் வந்தன. என்ஜின் முதல் தடவை உயிர் பெற்றபோது எழுந்த கறும்புகையில் அண்ணி காயப்போட்டிருந்த துணி முழுதும் நாசம். அன்றைக்கு மட்டும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பரிசோதனையும் முடிந்தது. நீண்ட பயணத்துக்கு முன் மேடு ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புக்கிட் பெருந்துங் வரை போனோம். அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சமதரையாகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. அண்ணன் பெருமையில் இருக்கைக்கு மேலே ஓர் அடி உயர்ந்து உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

ஏற்றத்தில் ஒரு சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. அண்ணன் கிளட்சை மிதித்துக் கியர் போட்டார். கிளட்சைப் பாதி விடும்போதே கால் வழுக்கியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. என்ஜின் நின்றதும் பிரேக் மிதி கல்லாக இறுகி, மிதிக்க முடியாமல் போனது. லோரி பின்னால் நகரத் தொடங்கியது. பின்னாலிருந்த கார் விடாமல் ஹார்ன் அடித்தது. நான் இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. காருக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

அண்ணன் இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கால் வரலம்மா," என்றார்.

அந்த முழங்காலில் வலி இருப்பதை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நான் இறங்கிச் சுற்றிவந்தேன். அவர் மெதுவாக இருக்கையில் நகர்ந்து என் இடத்துக்குப் போனார். விளிம்பில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி மேட்டைத் தாண்டினேன். பழைய கியர், கிளட்சை இரண்டு முறை மிதித்துத்தான் மாற்ற வேண்டும். வழி முழுதும் அவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"எறக்கத்துல ரெண்டுல போடு."

"போட்டுட்டேண்ணே."

உண்மையைச் சொல்வதானால், அந்த லோரியை ஓட்டியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உயரமான இருக்கை, காலுக்கடியில் பெரிய என்ஜினின் அதிர்வு. பஸ்ஸை விற்ற பிறகு நான் எதை இழந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் அண்ணன் அப்படி உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

கிளினிக்கில் மாத்திரையும் முழங்கால் பட்டையும் கொடுத்து, கனமான கிளட்ச் எதையும் மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான்கு நாள் அண்ணன் காலி நிலத்துப் பக்கமே வரவில்லை. "அந்தப் பனிய பாக்காட்டி எனக்கென்ன கொறைஞ்சா போச்சு? விடுங்க," என்று அண்ணி சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். அண்ணன் ஓட்டுநர் இருக்கையை முழுதாகக் கழற்றி வெளியே வைத்திருந்தார். அடித்தளத்தில் புதிதாகத் துளைகள் போட்டு, அதை நான்கு விரல் முன்னுக்கு நகர்த்தி மாட்டினார். கதவுக்குக் கீழே கூடுதலாக ஒரு படி பற்றவைத்திருந்தார். நான் குட்டை; அன்றைக்கு ஏறத் தடுமாறியதைக் கவனித்திருக்கிறார்.

"ஏறி ஒக்காரு. கால் எட்டுதா பாரு."

ஏறி உட்கார்ந்து கிளட்சை அடிவரை மிதித்தேன்.

"எட்டுதுண்ணே."

"முதுகு?"

"சரியா இருக்கு."

"அப்ப வியாழக்கிழம கெளம்பலாம்," என்று சொல்லிவிட்டு ஸ்பேனர்களைப் பொறுக்கினார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நானும் இருக்கையிலிருந்து உடனே இறங்கவில்லை.

வியாழக்கிழமை வெயில் வந்த பிறகுதான் கிளம்பினோம். அண்ணி நடுவில், அண்ணன் சன்னலோரம். கித்தான் தைத்தவர் வந்து கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தஞ்சோங் காராங்கைத் தாண்டும்வரை அண்ணன் விடவில்லை: என்ஜின் சூடு காட்டும் முள்ளைப் பார், மோட்டார் சைக்கிள் வருகிறது, அறுபதுக்கு மேல் போகாதே. நான் சரி சரி என்றேன். அண்ணி ஆரஞ்சை உரித்து ஆளுக்கொரு சுளையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். சிக்கிஞ்சானில் இரண்டு பக்கமும் வயல். கதிர் முற்றும் பருவம், பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது.

கொஞ்ச நேரமாக அதட்டல் ஒன்றும் காணோமே என்று திரும்பினேன். அண்ணன் அண்ணியின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. என் கை ஹார்னுக்குப் போனது.

"அடிச்சிராத லா," என்றார் அண்ணி தணிந்த குரலில்.

கையை எடுத்துக்கொண்டு, டிராக்டருக்குப் பின்னாலேயே இரண்டாம் கியரில் போனேன்.