கல்லறைக்குள் வெயில் பிடிப்பவர்

“மேகம், மேகம்” என்று சொல்லி மஹ்ரூஸ் கையிலிருந்த பலகையைத் தாழ்த்தினார். கல்லறைக்குள் சட்டென்று இருட்டிவிட்டது. வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அவர்களுக்குச் சுவர்ச் சித்திரங்களை விளக்கிக்கொண்டிருந்த நவால், அந்த இருட்டில் தலைத்துணியின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். தாயை அடக்கம் செய்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கணவன் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்கும் சித்திரத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவளுக்குத் தாயின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சி நிறுத்திய பிறகு, “மேகம் போச்சு” என்று பலகை மறுபடி உயர்ந்தது.

எகிப்தின் லுக்சரில், நைல் நதியின் மேற்குக் கரையில் மேகம் வந்தால் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்கு வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. அதைப் பற்றிப் பிறகு அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மஹ்ரூஸுக்கு மலைச்சரிவில் ஒரே ஒரு கல்லறையின் காவல். பண்டைய ராஜா ஒருவரின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட ஒருவனுடையது அது. உள்ளே மின்சாரம் இல்லை. வாசலுக்கு வெளியே ஒரு நிலைக்கண்ணாடியைக் கல் அண்டக்கொடுத்துச் சாய்த்து வைத்திருப்பார். அதில் விழுகிற வெயில் வாசல் வழியே உள்ளே பாயும். உள்ளே அவர் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையோடு நிற்பார். “பிஸ்மில்லாஹ்” என்று அதைத் தூக்கினால் போதும், வெயில் வளைந்துபோய்ச் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். வாத்துக் கூட்டம், திராட்சைப் பந்தல், கதிர் அறுக்கிறவர்கள் என்று நவால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் வாய் போகிற இடத்துக்கு வெளிச்சமும் கூடவே போகும். பத்து வருஷத்துக்கு மேலாக இருவரும் இப்படித்தான். ஜாடைகூட வேண்டியதில்லை.

அந்தக் கண்ணாடி அவர் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த அலமாரியின் கதவிலிருந்து வந்தது. கதவு உடைந்த மறுநாளே கழற்றி எடுத்து வந்துவிட்டார். “என் அலமாரிக் கண்ணாடியில உலகத்து ஜனமெல்லாம் சுவத்தைப் பாத்தாச்சு, நான்தான் என் மூஞ்சியப் பாக்கல” என்று அந்த அம்மாள் உம்மு சலாமா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவருக்கு அதெல்லாம் உறைக்காது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் வந்து, கண்ணாடியில் வாயால் ஊதி, தலைப்பாகை முனையால் துடைப்பார். தேநீருக்குச் சர்க்கரை போடுவதில் அவருக்குக் கணக்கே கிடையாது. கரண்டி நிற்க வேண்டும். வெளிநாட்டுப் பேச்சில் அவருக்குத் தெரிந்தது நாலைந்து வார்த்தை: வா, பார், குனி, தலை, மேகம். எவர் முகத்திலும் வெளிச்சம் அடிக்க மாட்டார். ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மஹ்ரூஸ் கல்லறை என்றே சொல்வார்கள். “எனக்கு என்ன கவலை? உசுரோட இருக்கறப்பவே என் கல்லறையை நானே சுத்திக் காட்டறேன்” என்பார்.

நவாலின் ஒரு நாள் பயணம் எப்போதும் ஒரே தடம். காலை வெயிலுக்கு முன்னால் ராஜாக்களின் பள்ளத்தாக்கு, பிறகு மலையை ஒட்டிய பெரிய கோயில், அதற்கப்புறம் மஹ்ரூஸ், பிறகு சாப்பாடு, படகில் அக்கரை. பள்ளத்தாக்கின் கல்லறைகளில் விளக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனாலும் சாயங்காலம் படகில் ஏறும்போது ஜனங்கள் பேசுவதென்னவோ பலகை பிடித்த மனிதரைப் பற்றித்தான்.

இந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் அவள், “இதோ பாருங்கள், வாத்துகள்” என்று கை நீட்டினாள். வெளிச்சம் ஒரு முழம் தள்ளி, சித்திரமே இல்லாத மண்பூச்சில் விழுந்திருந்தது. மஹ்ரூஸ் பலகையை அசைக்காமல் கம்பீரமாக நின்றார். வந்தவர்கள் மரியாதையாக வெறும் சுவரையே பார்த்தார்கள். ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார். நவாலுக்குச் சிரிப்பு வந்தது. உடனே மஹ்ரூஸைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய கண்மணியில் சாம்பல் பூத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். வெளிச்சம் விழுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது, எதன்மேல் விழுகிறது என்பது தெரியவில்லை.

அவரைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. பேச்சைத் திருத்திக்கொண்டாள். மண்பூச்சில் விழுந்தால் மண்ணில் கலந்த வைக்கோலைக் காட்டினாள். அன்றைக்குக் குழைத்தவனின் விரல் தடம்கூட இருக்கிறதே என்றாள். வௌவால் கறையில் விழுந்தால் வௌவாலைப் பற்றிச் சொன்னாள். வெளிச்சம் எங்கே தடுக்கி விழுந்ததோ அங்கே அவளும் உட்கார்ந்துகொண்டாள். வாரங்கள் இப்படியே ஓடின. கண் போனது அதிகாரிகளுக்குத் தெரிந்தால் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து எதைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் இப்படியே விட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும். தொழுகையில் அவர் பெயரைச் சொல்லித் துஆ கேட்டாள். எப்படி வாய் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் எல்லோரையும் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். மஹ்ரூஸ் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

“இன்னைக்கும் வைக்கோல்தானா, டாக்டரம்மா?”

படித்தவர்கள் எல்லோருமே அவருக்கு டாக்டர்தான். நவால் அவருக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

“கண்ணுதான் மங்கிப்போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. நீ வாத்தைச் சொல்லியே எத்தனையோ நாளாச்சு. நீ சொல்றதை வச்சுத்தான் என் வெளிச்சம் எங்க விழுதுன்னே எனக்குத் தெரியுது.”

“சொன்னா இந்த இடத்தை விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன், மாமா.”

“நான் சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவியோன்னு நானும்தான் பயந்தேன்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய சித்தப்பா மகன் இதே புரைக்காகக் கண்ணைக் கிழிக்கப் போனவன், கட்டுப் பிரித்தபோது இருந்த பார்வையும் இல்லாமல் வந்தான். இப்போது கொஞ்சமாவது வெயில் தெரிகிறது. அல்லாஹ் விட்டு வைத்த அந்தக் கொஞ்சத்தையும் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. நவால் வாதாடவில்லை. அது அந்தக் காலத்து வைத்தியம், இப்போது சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், நானே கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் தேநீரைக் குடித்து முடித்துக் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார்.

முடிவை உம்மு சலாமாதான் சுலபமாக்கினாள். அன்றிரவு அவர் மெல்ல விஷயத்தைச் சொல்ல, அவள் மாவு பிசைந்த கையோடு எழுந்து நின்று, “நீ போகலைன்னா என் கண்ணாடி வீட்டுக்கு வந்திரணும்” என்றாளாம். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு பக்கத்துக் கல்லறைக் காவல்காரன் பக்கீத்தைக் கூப்பிட்டு, பலகையை எந்த உயரத்தில் பிடிப்பது, வெயில் நகர நகரக் கண்ணாடியை எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுத்தார். அதிகாரியிடமும் தானே போய்ச் சொல்லிவிட்டார். அந்த மனிதர், கண் நன்றாகி வா, சாவி உனக்குத்தான் என்றாராம்.

ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்த நாளில் நவாலுக்கு ஒரு பெரிய கூட்டம் வந்து சேர்ந்தது. கூட வருவதாகச் சொன்ன வார்த்தை அவளை உறுத்தியது. அவரோ, மகன் சலாமா இருக்கிறான், நீ உன் ஜனங்களைப் பார் என்று அடக்கிவிட்டார். காலையில் படகுத்துறையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். அவள் கூட்டத்தோடு இக்கரையில் இறங்கினாள். அவர் அக்கரை போகச் சலவை அங்கியில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஸலாம் சொன்னதும் குரல் வந்த பக்கம் திரும்பினார். மகன் கையை விட்டுவிட்டு, பலகை பிடிக்கிற மாதிரியே இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஒருதரம் உயர்த்தித் தாழ்த்தினார்.

“பக்கீத் வெளிச்சத்தை வாத்து மேலயே சரியாக் காட்டிருவான். ஆனாலும் நீ அந்த வைக்கோலைச் சொல்லாம விட்றாதம்மா” என்றார். “இத்தனை வருஷமா நான் அதைப் பாத்ததே இல்ல. வந்து பாக்கணும்.”