மெதுவாகப் பேசப் படிப்பவர்

"கேட்டா தட்டுங்க அக்கா" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. அதுவே நன்றாகக் கேட்டதால் பென்சிலால் தட்டுகிறேன்.

"இது இல்லக்கா. இனிமேதான் ஆரம்பிக்கப் போறேன்."

தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். அதற்கும் தட்டலாம், பாவம் என்று விட்டுவிடுகிறேன். பிறகு, "உக்காரும்மா. இன்னைக்கு எப்படி இருக்கே?" தட்டுகிறேன். கொஞ்சம் தணித்து இன்னொரு முறை சொல்கிறார். தட்டுகிறேன். அடுத்த முறை அவர் தன் கணக்கில் ரகசியமே பேசுகிறார். கடைசி அலமாரி வரைக்கும் போய் நின்று பார்க்கிறேன். அங்கேயும் கேட்கிறது. திரும்பி வந்து தட்டுகிறேன்.

காலை மணி அடிப்பதற்கு முன் இது எங்களுக்குத் தினசரி வேலை. நான் இந்தப் பள்ளியின் நூலகர். அவர் பல வருடம் இங்கே விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளுக்கு விசில் சார், எனக்கு மாஸ்டர். அவர் விசில் ஊதி நான் பார்த்ததே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துகிற குரலுக்கு விசில் எதற்கு? அவர் பேசி யாரும் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனதோடு ஓட்டம் நின்றது. ஓட முடியாத விளையாட்டு ஆசிரியரை வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்யும்? அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பு, வார இறுதியில் வகுப்பு. முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். இரண்டாம் வருடம் பாதை மூன்றாகப் பிரிகிறது. பொதுவான மனநல ஆலோசகர் ஆகலாம். குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்கு ஆலோசகர் ஆகலாம். பள்ளி ஆலோசகர் ஆகலாம். எந்தப் பாதையில் போனாலும் பரீட்சை எழுதினால் மட்டும் பட்டம் கைக்கு வராது. நிஜமான ஆட்களோடு உட்கார்ந்து பேசி, மேற்பார்வை பார்க்கிற பேராசிரியை 'இவரை நம்பி ஒருவரை அனுப்பலாம்' என்று சொல்ல வேண்டும். "ஸ்கூல்தான் எனக்குத் தெரிஞ்ச கிரவுண்டு" என்று மாஸ்டர் மூன்றாவதை எடுத்தார். தேறினால் இதே பள்ளியில் வேலை. தேறாவிட்டால் இந்த வருடத்தோடு சரி என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

வீட்டில் அவருடைய மாமனாருக்குக் காது மந்தம். "நம்ம மாப்பிள்ளை ஒருத்தர்தான் புரியிற மாதிரி பேசுறாரு" என்று மெச்சிக்கொள்பவர். மருமகன் கவுன்சிலர் ஆகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தேர்தல் எப்போது என்று தெருவெல்லாம் விசாரித்துவிட்டாராம். மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். ஒரு நாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் அலுத்துக்கொண்டார். "வர்றவங்ககிட்ட 'வலிக்காது, பயப்படாதீங்க'ன்னு சொல்றதே என் வேலை. இவரு படிப்புல அதைச் சொல்லவே கூடாதாம். அப்புறம் என்னதான் சொல்வாங்க?"

சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று மாஸ்டர் எனக்கு விளக்கினார். "எதிர்ல இருக்கிறவங்க சொன்னதை நம்ம வார்த்தையில அவங்களுக்கே திருப்பிச் சொல்லணும் அக்கா. நாம கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும் மாஸ்டர்" என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் போனது.

வகுப்பில் ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் ஆலோசனை தேடி வந்தவராகவும் நடித்துப் பழகுவார்களாம். மாஸ்டர் ஆலோசகராக உட்கார்ந்த அன்று பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். கூடப் படிப்பவர்கள் பாதி வயதுப் பிள்ளைகள், சிரித்துத் தீர்த்திருப்பார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. அவர் போதை மீட்பு மையத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர். "அவங்க பேசினா நாம முன்னாடி சாய்வோம் அக்கா. நான் பேசினா எல்லாரும் பின்னாடி சாயுறாங்க" என்று மாஸ்டர் சொன்னபோது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மனசு சரியில்லை என்றால் கை அங்கே போய்விடும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மனசு கலங்கினால் மற்றவர்களுக்குக் குரல் அடைக்கும், இவருக்கு ஏறும்.

பிள்ளைகளோடு பேசிப் பயிற்சி எடுக்கப் பள்ளி அவருக்குக் கொடுத்தது பழைய விளையாட்டுச் சாமான் அறை. பந்துத் தோல் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கும் நூலகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அதுவும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்டது. அதை மேலே வரைக்கும் அடைத்துத் தரச்சொல்லி மாஸ்டர் கேட்டார், நானும் கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அவளுடைய அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்பது வகுப்புக்கே தெரிந்த விஷயம். நூலக நேரத்தில் என்னிடம் சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போவாள். வாரக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே கிடந்த காற்றுப்போன பந்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருப்பாள், மணி அடித்ததும் எழுந்து வந்துவிடுவாள். மாஸ்டரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை அவர் அழகாகச் செய்தார்.

ஒரு நாள் அவள் பேசினாள். என்ன பேசினாள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை, முணுமுணுப்புதான் வந்தது. பிறகு மாஸ்டரின் குரல் வந்தது. கலங்கிப் போயிருந்தார். அதனால் குரல் ஏறியிருந்தது.

"அப்போ அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போகல. குடியை நிறுத்துறதுக்காக மையத்துல சேர்ந்திருக்காரு. இது யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நீ பயந்துக்கிட்டே இருக்கே. அப்படித்தானே?"

படிப்பில் சொல்லிக்கொடுத்தது இம்மி பிசகவில்லை. நான் தட்டினேன். உள்ளங்கையால், பலம்கொண்ட மட்டும் தட்டினேன். தட்டி என்ன ஆகப்போகிறது? நூலகத்தில் உட்கார்ந்திருந்தது அவளுடைய வகுப்பு. ஒரு தலைகூட நிமிரவில்லை. அப்படி ஓர் ஒழுக்கமான வாசிப்பை என் நூலகம் அதுவரை கண்டதில்லை.

அதன்பிறகு அவள் அந்த அறைக்கும் வரவில்லை, நூலகத்துக்கும் வரவில்லை. யாரும் கேலி செய்யவில்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். எல்லோரும் அவளிடம் வழக்கத்தைவிட அன்பாக நடந்துகொண்டார்களாம், அவளுக்கு அதுதான் தாங்கவில்லையாம்.

மாஸ்டர் அன்றைக்கே பேராசிரியைக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மறுநாள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "மன்னிப்புக் கேக்கணுமாம் அக்கா. ஆனா என் மனசு ஆறுறதுக்காகக் கேக்கக் கூடாதாம். அவ பின்னாடி போய் நிக்கவும் கூடாதாம். அவளா வரும்போது கேக்கணுமாம்."

"வரலைன்னா?"

முழங்காலைத் தடவினார்.

பேராசிரியையும் தலைமையாசிரியையும் கலந்து பேசி முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து வேறோர் ஆலோசகர் வேண்டுமா, இவரே போதுமா, யாருமே வேண்டாமா என்பதை அந்தப் பெண் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதுவரை மாஸ்டர் அறையில் உட்காரலாம், ஆனால் எந்தப் பிள்ளையோடும் பேசக் கூடாது. இவரை அவள் வேண்டாம் என்றால் பயிற்சி இத்தோடு முடிந்தது.

அந்த வாரம் முழுக்க மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. உயரம் தாண்டுகிறவர்கள் விழுவதற்காகப் போடும் பழைய நீல மெத்தைகளை இழுத்துவந்து தடுப்பு நெடுக நிறுத்தினார். காலையில் மட்டும் இருந்த பழக்கம் மாலையிலும் தொடர்ந்தது. "கேட்டா தட்டுங்க." தட்டினேன். சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார். தட்டினேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசிப் பார்த்தார். அதுவும் கேட்டது. எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, கூடவே பயமும் இருந்தது. பயத்தில் பாதி அவருக்காக, பாதி அந்தப் பெண்ணுக்காக.

வியாழக்கிழமை மாலை 'கேட்டா தட்டுங்க' வரவில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றார். "என் வேலை போனாப் போகட்டும். வாட்ச்மேன் வேலைக்காவது இந்தத் தொண்டை ஆகும். வாரக்கணக்கா யோசிச்சு, ஒரே ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்துச்சு அந்தப் பொண்ணு. இனி யார்கிட்டயுமே திறக்காமப் போயிட்டா?"

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. நூலகத்தில் யாருமில்லை. அவர் அறைக்கதவு திறந்தே கிடந்தது. காலையிலிருந்து அவர் வெளியே எட்டிப் பார்க்கவும் இல்லை. நான் ஒரே புத்தகத்துக்கு இரண்டு முறை அட்டை போட்டு, இரண்டு முறையும் கோணலாகப் போட்டேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

அவள்தான். என் வாசலைத் தாண்டிப்போய் அவர் வாசலில் நின்றாள். மெத்தைகளைப் பார்த்தாள். அவற்றுக்கு மேலே கூரைவரை திறந்து கிடந்த இடத்தையும் பார்த்தாள்.

"இங்க வேண்டாம் சார்" என்றாள்.

அவர் என்ன பதில் சொல்லப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் வந்தது. கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, கால் தாங்கித் தாங்கி, படியிறங்கி மைதானத்துக்குள் நடந்தார். அவள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். மைதானம் காலியாக இருந்தது. நட்ட நடுவில் நாற்காலிகளைப் போட்டார். அங்கிருந்து எந்தச் சுவரும் எட்டாத தூரம். அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

நூலக ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் அங்கே நின்று சாதாரணமாகப் பேசினாலே இந்த அலமாரிகள் வரை வரும். அது வருகிறதா இல்லையா என்று தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை.

மாஸ்டர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர் உதடு அசைந்தது. இங்கே ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்வதுபோல் உதடு அசைந்தது. அப்போதும் வரவில்லை.

அவளுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு, முன்னால் சாய்ந்தாள்.